ஜப்பான் காரில் மின்னல் எஃப்.எம்.

மாணவர்களே, ஜப்பானில் விற்பதற்காகத் தயாரான பழைய கார்களின் வானொலி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். மலேசியாவில் பண்பலை 87.5 முதல் 108 வரை. ஆகவே, அத்தகைய காரை இங்கு இறக்குமதி செய்தால், கிள்ளான் பள்ளத்தாக்கில் 96.3-இல் ஒலிக்கும் மின்னல் எஃப்.எம். கிடைக்காது.

இதற்காக, ஆன்டெனாவுக்கும் வானொலிக்கும் இடையே அலைவெண் மாற்றி ஒன்றைப் பொருத்துவார்கள். அது 12 மெகாஹெர்ட்ஸ் குறைப்பதாகக் கொள்வோம்: 96.3 − 12 = 84.3. இப்போது பாட்டு கேட்கும். ஆனால் திரையில் 84.3 என்றே தெரியும். எழுத்துகளும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும்.

குழம்பிய ஓட்டுநர் 2 விநாடி திரையையே பார்த்தால்? மணிக்கு 90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். சாலையைப் பாராமலே கார் 50 மீட்டர் ஓடிவிடும்!

எனவே, மொழியை மாற்றினால் மட்டும் போதாது. ஓட்டுநருக்குப் பழகிய எண்ணும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

கணக்கிடுங்கள்: நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில், அதே 2 விநாடியில் கார் எவ்வளவு தூரம் போகும்?