மேற்கு வெயிலுக்கு மறைப்பு

கேள்வி: ஐயா, எஸ்டேட் லயத்தில் இருந்தவரை சுற்றிலும் பால்மர நிழல். இப்போது தாமானில் மேற்குப் பார்த்த வீடு, சிமெண்டு வாசல். தொட்டிகளில் கீரையும் மல்லித்தழையும் போட்டிருக்கிறேன். மேலே கருப்பு வலை கட்டியும் சாயங்காலம் துவண்டுவிடுகின்றன. என்ன செய்யலாம்?
- வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: வலையில் குறையில்லை அம்மா, கட்டிய இடத்தை மாற்றினால் போதும். 1982-இல் தீபகற்பத்தில் கடிகாரத்தை இன்னும் அரை மணி நேரம் முன்தள்ளி வைத்தார்கள். அதனால் உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய பகல் 1.20-க்குத்தான். மாலை 5 மணிக்கும் வெயில் சுள்ளென்று இருப்பது அதனால்தான். மார்ச், ஏப்ரலில் 7 அடி உயரத்தில் கட்டிய வலையின் நிழல் 4.20 வாக்கில் 7 அடி கிழக்கே தள்ளி விழும், 5.20-க்கு 12 அடி. நிழல் உங்கள் வீட்டுச் சுவருக்குப் போய்விடுகிறது, தொட்டிகள் வெயிலில் காய்கின்றன.

வலையை இறக்கி, கேட்டுப் பக்கம் திரைபோலத் தொங்கவிடுங்கள். காற்று வர அடியில் ஓர் அடி விடுங்கள். 50 சதவீத வலையே போதும். காலையில் வீடே நிழல் தருகிறது. 70 சதவீதம் போட்டால் கீரை வெளிறி, குச்சியாக நீளும்.

வேலிக் கம்பியில் பீர்க்கு அல்லது பாகல் ஏற்றிவிட்டால் இரண்டு மாதத்தில் பச்சைத் திரை. மண் தரை கொஞ்சம் இருந்தால் மேற்கு மூலையில் ஒரு வாழை வையுங்கள், ஆறேழு மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். சின்ன வாசலில் மாவும் ரம்புத்தானும் வேண்டாம், வேர் கால்வாயை உடைக்கும். முருங்கை நல்ல மரம்தான், ஆனால் தண்ணீர் குறைந்தால் இலையைக் கொட்டிவிடும். கெடாவில் வருடத் தொடக்கம்தான் வறட்சிக் காலம். பிப்ரவரியில் பால்மரமே மொட்டையாக நின்றதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். நிழல் மிகவும் தேவைப்படும் அந்த மாதங்களில் இலை தங்கும் செடி வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தண்ணீர் ஊற்றினால் பசுமையாக நிற்கும்.

மாலை 5 மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உள்ளே வேரும் வேகிறது. செங்கல் வைத்துத் தொட்டியைச் சிமெண்டிலிருந்து தூக்கிவிடுங்கள். மல்லித்தழைக்குச் சூடு ஆகவே ஆகாது. அதைச் சுவரோரம் நகர்த்துங்கள். பூ வைத்துவிட்ட மல்லி இனித் தழைக்காது. அதைப் பிடுங்கிவிட்டு, திரை கட்டிய பிறகு புதிதாக விதையுங்கள்.