நோன்பும் மனோதிடமும்

வைகாசி ப்ரஹ்மோத்ஸவத்தில் பேரருளாளனைச் சேவிக்க வரும் தாய்மார்கள் சந்நிதியில் பற்பல விண்ணப்பங்களைச் செய்வதுண்டு. கணவனுடைய குடிப்பழக்கம் ஒழிய வேண்டும், பிள்ளைக்கு நல்ல புத்தி உண்டாக வேண்டும் என்பவை வாய்விட்டுச் சொல்லப்படுபவை. தம்மைப் பற்றிய விண்ணப்பமோ தாழ்ந்த குரலில் வரும். "ஸ்வாமி, இந்தப் புகையிலையை விட முடியவில்லை, மனசுக்குத் திடம் வேண்டும்" என்பார்கள். ஆடவருடைய தீய வழக்கம் தெருவுக்கே தெரியும். பெண்களுடையது சுருக்குப் பையில் மறைந்திருப்பது. ஆகையால் அதற்கு உதவியும் கிடைப்பதில்லை. அந்தத் தாழ்ந்த குரலுக்கு மறுமொழியாகச் சிறிது விசாரிப்போம்.

பட்டுக்குப் பேர்போன இக்காஞ்சியில் தறியில் அமர்பவர் ஒருவராயினும், அவருக்குப் பின்னே வீட்டுப் பெண்களின் உழைப்பு நிற்கிறது. தார் சுற்ற வேண்டும், இழை அறுந்தால் முடிய வேண்டும்; நடுவே சமையல், குழந்தை. தூக்கத்தை விரட்டவும் பசியை அடக்கவும், பல்வலிக்கு நல்லதென்று யாரோ சொன்னதாலும் ஒரு துண்டுப் புகையிலை கன்னத்தில் அடங்கிவிடுகிறது. இது நெசவாளர் இல்லங்களுக்கு மட்டும் உரிய குறையன்று. 2016-17இல் தேசமெங்கும் எடுத்த கணக்கெடுப்பின்படி, 15 வயது நிறைந்த பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் புகையிலையை மெல்லுதல், அடக்குதல் முதலிய வழிகளில் உபயோகிக்கின்றனர்.

இவர்களைப் பார்த்து "உனக்கு மன உறுதி போதாது" என்று சொல்வது எளிது. கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனனே, மனம் காற்றைப்போல் பிடிக்கு அடங்காதது என்று முறையிடுகிறான். மஹாவீரனுடைய வார்த்தை இது. பகவான் இவ்விடத்தில் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கடினந்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டு, பிறகே அப்யாஸம், வைராக்யம் என்னும் இரண்டு உபாயங்களை அருளிச்செய்கிறான். அப்யாஸமாவது மீண்டும் மீண்டும் செய்தல். மீண்டும் செய் என்று விதிக்கும்போதே, இடையில் தவறும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறதன்றோ?

இவ்விரண்டு உபாயங்களையும் பெண்களைக் கொண்டே நடத்திக் காட்டினவள் ஆண்டாள். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆய்ப்பெண்கள் தாங்கள் கைவிடுபவற்றைச் சொல்கிறார்கள்: நெய், பால், கண்ணுக்கு மை, கூந்தலுக்குப் பூ, புறங்கூறுதல். அதே பாசுரத்தில் செய்பவற்றையும் சொல்கிறார்கள்: விடியற்காலை நீராட்டம், பகவந்நாம ஸங்கீர்த்தனம், தானம். விட்ட இடத்தைச் சூனியமாக விடவில்லை. புகையிலையை எடுத்தெறிந்துவிட்டு வெறும் வாயோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அன்று மாலையே அது நினைவுக்கு வந்துவிடும். ஏலக்காயோ சீரகமோ வாயிலிருக்கட்டும், திருநாமம் நாவிலிருக்கட்டும்.

அடியேனுக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது மற்றொன்று. முப்பது பாசுரங்களில் 6 முதல் 15 வரையிலான பத்துப் பாசுரங்கள், அதாவது நூலில் மூன்றிலொரு பங்கு, உறங்கும் தோழிகளை எழுப்புவதிலேயே செல்கின்றன. எழுந்தவர்கள் தாங்கள் மட்டும் நீராடப் போயிருக்கலாமே! போகவில்லை. வாசலில் நின்று கேலி செய்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், சற்றுக் கடுமையாகவும் பேசுகிறார்கள். ஆனால் ஒருத்தியையும் விட்டுச் செல்வதில்லை. 15ஆம் பாசுரத்தில் வார்த்தை தடித்தபோது, உள்ளேயிருப்பவள் குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்கிறாள். பூர்வாசாரியர்கள் இதனைப் பெரிதும் கொண்டாடுவர். மனோதிடம் ஒருத்தி தன்னந்தனியே பல்லைக் கடித்துக்கொண்டு சம்பாதிப்பதன்று என்பதற்கு இதைவிடப் பிரமாணம் வேண்டுமோ? விட நினைக்கும் தாய், தெருவில் அதே வழக்கமுள்ள இன்னொருத்தியோடு சேர்ந்து, தாயார் சந்நிதியில் 30 நாள் ஸங்கல்பம் செய்துகொள்ளட்டும். ஆயுள் முழுதும் என்று தொடங்கினால் மனம் மிரளும்.

முதல் சில நாட்களில் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் வரும். புகையிலையிலுள்ள நிகோடின் என்னும் பொருளுக்குச் சரீரம் பழகிவிட்டதால் வரும் உபாதை இது, மனத்தின் குற்றமன்று. பெரும்பாலோர்க்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். வேண்டுமென்ற ஆவல் எழும்போதும் சில நிமிஷங்கள் தாண்டினால் அது அடங்கும். வீட்டிலுள்ளோர் அந்நாட்களில் அவள் கோபத்தைப் பெரிதுபடுத்தாமலிருப்பதும் ஒரு கைங்கர்யமே. கர்ப்பிணிகள் தாமதிக்கவே கூடாது. புகையிலையால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும்.

"தாம்பூலம் பெருமாளுக்கே ஸமர்ப்பிக்கப்படுகிறதே" என்று சிலர் ஆக்ஷேபிப்பர். பெருமாளுக்கு ஸமர்ப்பிக்கும் தாம்பூலத்தில் புகையிலை இல்லை. அது போர்த்துக்கீசியர் வழியாக இத்தேசம் வந்த சரக்கு. சாஸ்திரத்தில் அதற்கு இடம் தேடுவது வீண். பாக்கைப் பற்றியும் உண்மையை மறைப்பதற்கில்லை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்டது. மங்களத் தாம்பூலத்தை மரியாதையோடு பெற்றுக்கொள்வது வேறு, நாள் முழுதும் மெல்லுவது வேறு.

பத்தாம் நாள் தவறிவிட்டால் என்ன செய்வது? பாவில் ஓரிழை அறுந்தால் நம் நெசவாளர் பாவையே அறுத்தெறிவதில்லை. அவ்விழையை முடிந்துவிட்டு நாடாவை ஓட்டுகிறார். பதினோராம் நாளை எண்ணத் தொடங்குங்கள். தவறியதைத் தோழியிடம் மறைக்காதீர்கள்.

புகையிலையை விட விரும்புவோர்க்கு யோசனை சொல்ல 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. வாயில் வெண்திட்டோ இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், வாய் திறப்பது குறைந்துவந்தால், வைத்தியரிடம் காட்ட வேண்டும். நம் ஊர்க் காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இருக்கிறது. தனியே போக அச்சமாயிருந்தால், ஸங்கல்பம் செய்துகொண்ட அந்தத் தோழியையும் உடன் அழைத்துச் செல்லலாம்.