உப்புத் தண்ணீரா, ஹெல்மெட்டா?

கேள்வி: எனக்கு 46 வயது. மூன்று நான்கு வருடமாக உச்சந்தலையில் முடி மெலிந்து, இப்போது தோல் தெரிகிறது. போர் தண்ணீரில்தான் குளிக்கிறேன். தினமும் ஹெல்மெட் போட்டு பைக் ஓட்டுகிறேன். அப்பாவுக்கு 70 வயதிலும் அடர்த்தியான முடி. எனக்கு மட்டும் ஏன் இப்படி?
— வாசகர், கரூர்

பதில்: ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள். அதன்மேல் பழி போட்டுவிட்டு வெறுந்தலையோடு வண்டி ஓட்டுகிறவர்கள் அதிகம். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழவைக்கும், வழுக்கையை உண்டாக்காது.

உச்சியிலும் நெற்றி ஓரங்களிலும் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தால், பெரும்பாலும் அது பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனின் ஒரு பகுதி உடலில் டி.எச்.டி. என்ற வடிவத்துக்கு மாறுகிறது. அந்த ஹார்மோன் அளவுக்கு அதிகமாகச் சுரக்கிறது என்றில்லை. இயல்பான அளவையே உங்கள் உச்சந்தலை வேர்க்கால்கள் தாங்குவதில்லை. சுருங்கிப்போகின்றன. விழுந்த முடிக்குப் பதில் முளைப்பது அதைவிட மெல்லியதாக, குட்டையாக முளைக்கிறது. கடைசியில் பூனைமுடிதான் மிஞ்சும். வயதுக்கு வருமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததும் விழுந்தது என்றும் 1942இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் எழுதினார். பின்தலை வேர்க்கால்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. முடி மாற்று சிகிச்சைக்கு அங்கிருந்து எடுப்பது அதனால்தான்.

அப்பாவின் தலையை மட்டும் பார்த்தால் போதாது, தாய்மாமன்களையும் பாருங்கள். இதில் முக்கியமான ஒரு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு அது அம்மாவிடமிருந்தே வரும். மற்றவை இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம்.

கொத்துக் கொத்தாகத் திடீரென்று கொட்டினால் கதை வேறு. டெங்கு, டைபாய்டு, பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி டயட் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படிக் கொட்டும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடும். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, சில மாத்திரைகள் ஆகியவற்றையும் அப்போது பார்க்க வேண்டும். காசு அளவுக்கு வட்டமாக உதிர்ந்தால் அது புழுவெட்டு. நீங்கள் எழுதியிருப்பதில் இவற்றின் சாயல் இல்லை. இருந்தாலும் ஒரு தோல் மருத்துவர் நேரில் பார்ப்பது நல்லது.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பார்கள். பழனிக்கு வேண்டுதல் இருந்தால் தாராளமாக அடியுங்கள். கத்தி வேர்வரை போவதில்லை.

பலன் நிரூபிக்கப்பட்ட மருந்துகள் உண்டு. மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. இப்போது தலையில் தடவும் திரவமாகக் கிடைக்கிறது. ஆரம்ப வாரங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும். பிறகு நிறுத்தினால் வளர்ந்ததும் போய்விடும். ஃபினாஸ்டிரைடு மாத்திரை டி.எச்.டி.யைக் குறைக்கும், சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், மனச்சோர்வும் வரலாம். மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். இன்னொன்று: புராஸ்டேட்டுக்காக ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை அது ஏறக்குறைய பாதியாகக் காட்டும். உங்கள் வயதில் புராஸ்டேட் பரிசோதனைக்குப் போக நேர்ந்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதை அந்த மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.