எண்ணுவதும் அளப்பதும்: ஆங்கில ஆர்ட்டிகிளும் நம் தமிழறிவும்

ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதப் புகுந்தால், நம் மாணவர் பலர் முதலில் இடறுவது ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் ஆர்ட்டிகிள்களிலேதான். பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோர், பிழை நேருமோ என அஞ்சி வாய்திறவாமலே இருந்துவிடுகின்றனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. இவ்வேறுபாடுகளை உணரும் அறிவு அவர்தம் தாய்மொழியிலேயே இருக்கிறது.

1. எண்ணும் அளவும்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் எண்ணுப்பெயர், நிறைப்பெயர், அளவுப்பெயர் எனப் பிரித்தே புணர்ச்சி கூறுகிறார். நம் வழக்கும் அதுவே. பெரம்பலூர்ச் சந்தையில் ‘ஒரு வெங்காயம்’ என்போம். அரியலூரில் ‘ஒரு சிமெண்டு’ என்பார் எவருமிலர்; ‘ஒரு மூட்டை சிமெண்டு’ என்பர். ஆங்கிலத்திலும் ‘ஆன் ஆனியன்’ சரி; ‘ஏ சிமெண்ட்’ பிழை; ‘ஏ பேக் ஆஃப் சிமெண்ட்’ சரி.

2. ஒருவும் ஓரும்

‘ஒரு மாடு’, ‘ஓர் ஆடு’ என எழுதக் கற்றவர்க்கு ‘ஏ’, ‘ஆன்’ புதியன அல்ல. இங்கு நோக்க வேண்டுவது ஒலியே, எழுத்தன்று. ஆதலின் ‘ஆன் அவர்’ என்றும் ‘ஏ யுனிவர்சிட்டி’ என்றும் வரும்.

3. பொதுவும் சுட்டும்

‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் பெரும்பாலும் முன்பே அறிந்த புத்தகம். அஃறிணைப் பொருள்களில் ‘ஐ’ உருபு செய்யும் இப்பணியை ஆங்கிலத்தில் ‘தி’ செய்கிறது. மதரஸாவில் பயின்றோர் ‘கிதாபுன்’, ‘அல்கிதாபு’ என்னும் அரபு வேறுபாட்டையும் ஒப்பிட்டுக் காணலாம். ‘இங்குப் பருத்தி விளைகிறது’ என்னும் பொதுக் கூற்றில் ‘காட்டன்’ தனித்தே நிற்கும். ‘நேற்று நாம் விற்ற பருத்தி’ எனின் ‘தி காட்டன்’ ஆகும்.

4. விழிப்பு வேண்டுமிடம்

தாய்மொழி எங்கும் கைகொடுக்காது. ‘ஒரு தகவல்’, ‘இரண்டு அறிவுரைகள்’ எனத் தமிழில் எண்ணலாம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’ ஆகியவை எண்ணப்படா. ‘ஆன் அட்வைஸ்’, ‘அட்வைசஸ்’ இரண்டுமே பிழை. ‘ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்க. சிமெண்டுக்கு மூட்டை போல, அறிவுரைக்கு ‘பீஸ்’ எனக் கொள்க. ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’ என்பனவும் இவ்வினத்தன. இத்தகைய சொற்களைத் தனிப்பட்டியலாக எழுதி மனத்திற் பதித்தல் நன்று.

தமிழை நன்கு கற்றவர் பிறமொழியைக் கற்க அஞ்ச வேண்டியதில்லை. ஒத்த இடத்தைத் தமிழ் காட்டும். ஒவ்வாத இடத்தைப் பயிற்சி காட்டும். ஆசிரியர் ஒப்பிட்டுக் கற்பிக்க, மாணவர் பிழைக்கு நாணாது பேசிப் பழகின், தடை தானே நீங்கும்.