அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள கதிருக்கு,

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு 29 வயது. மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டு வருகிறது. வித்யாவும் வேலைக்குப் போகிறாள். கடனில் அவள் பெயரை முதலில் போட்டால் பல வங்கிகள் வட்டியில் 0.05 குறைக்கும். நான் வங்கியில் கடன் கேட்டுப் போன அன்று எனக்கு 46, கடைக்காரன். கல்லாவில் காசு புழங்கியது, காகிதத்தில் ஒன்றுமில்லை. அதைக்கூட மேனேஜர் பொறுத்துக்கொண்டார். பத்திரக் கட்டைப் புரட்டியவர், பஞ்சாயத்துத் தலைவரின் ஊதா முத்திரை மேல் விரலை வைத்து, "லேஅவுட்டுக்கு இவர் அனுமதி தர முடியாது சார்" என்றார். அதோடு சரி. ஃபைனான்ஸில்தான் வாங்கினேன். வட்டி உனக்குத் தெரியும், உன் பெரியம்மாவின் வளையல் எங்கே போனது என்பதும் தெரியும். 2016-ல் விற்கலாம் என்று போனால், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று உயர் நீதிமன்றம் தடை போட்டிருந்தது. சாந்தி கல்யாணம் அந்த வருஷம்தான்.

நீ பார்த்திருக்கும் வீடும் பஞ்சாயத்து அப்ரூவலாமே? லோனைத் தானே முடித்துத் தருவதாகப் புரோக்கர் சொல்கிறானாம். 11.5 வட்டிக்கு யார்தான் முடித்துத் தரமாட்டார்கள்! 30 லட்சம், 20 வருஷம்: 8.5 என்றால் தவணை சுமார் 26,000, அவன் சொல்வதில் சுமார் 32,000. கடைசியில் 14 லட்சம் கூடுதல். உன் வயதுக்கும் சம்பளத்துக்கும் கிடைக்கிற வட்டி அந்த மண்ணுக்குக் கிடைக்காதப்பா.

30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு விலையில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்குத்தான். பக்கத்தில் நாலு வீடு விற்காமல் கிடந்தால் அவர் கை தானாகக் குறைத்து எழுதும். பத்திரச் செலவு உன் கையிலிருந்து.

எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். டிடிசிபி அனுமதி எண்ணோடு இரண்டு இடம் விசாரித்து வைத்திருக்கிறேன், சும்மா சொன்னேன்.

கோபித்துக்கொள்ளாதே ராஜா. உன் வயதில் எங்களில் யார் வீடு வாங்க நினைத்தோம்? அந்த வீட்டையே எடுத்தாலும் பால் காய்ச்ச முதல் ஆளாக வந்து நிற்பேன். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டாயிற்று, வித்யாவுக்குத் தனி ஜாடி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள்.

அன்புடன்,
பெரியப்பா