தாயின் குடியும் பிள்ளையின் படிப்பும்

ஆண்டுதோறும் இம்மலரில் நமது கல்வி நிதியால் பயன்பெற்ற மாணவர்களின் படங்களும் பெயர்களும் வெளிவருவதைப் பக்தப் பெருமக்களும் நன்கொடையாளர்களும் கண்டு மகிழ்ந்து வருகிறீர்கள். கல்விப் பிரிவின் பொறுப்பில் உள்ள செயலவை உறுப்பினன் என்ற முறையில், இவ்வாண்டும் அதைப் பற்றியே எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். நானோ அந்தப் படங்களில் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஆலய மலரில் எழுதத் தக்க பொருள்தானா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்தருள்க.

இரண்டாண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் விண்ணப்பம் எங்களிடம் வந்தது. வகுப்பாசிரியர் நல்ல விதமாக எழுதியிருந்தார். கணிதம் மட்டும் மிகப் பின்தங்கியிருந்தது. பள்ளிக்கு வராத நாள்களும் அதிகம். நமது விதிப்படி நேர்காணலுக்குத் தாயோ தந்தையோ வர வேண்டும். இருமுறை அழைத்தும் எவரும் வரவில்லை. "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தோம். எழுதியவன் நானேதான். சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அவனுடைய பாட்டி என்னைத் தேடி வந்தார். "ஐயா, என் மக வரமாட்டா. வர்ற நெலமையில அவ இல்ல. புள்ளைக்கு அதுக்காகவா இல்லேன்னு சொல்லிட்டீங்க?" என்று மெல்லிய குரலில் கேட்டார். மகள் குடிக்கிறாள் என்ற சொல் அவர் வாயிலிருந்து வருவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு 1989ஆம் ஆண்டு நினைவாகவே இருந்தது.

அப்போது நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியன். அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. தமிழ் வாசிப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. வகுப்பில் எழுதச் சொன்னால் அழகாக எழுதுவாள். வீட்டில் எழுதி வரச் சொன்னால் ஏடு வெறுமையாக வரும். காலையில் தாமதமாக வருவாள். முதல் பாடவேளையிலேயே தலையை மேசைமீது சாய்த்துவிடுவாள். சோம்பேறி என்று வகுப்பறிய ஏசினேன். பிரம்பால் உள்ளங்கையில் இரண்டு கொடுத்ததும் உண்டு. அன்று ஆசிரியருக்கு அதுதான் அக்கறை என்று நினைத்தோம்.

வருகைப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. அதைக் கண் திறந்து பார்த்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாளும், மாத நடுவில் அட்வான்ஸ் கொடுத்த மறுநாளும் அவள் பெயருக்கு நேரே சுழி இருந்தது. மாதந்தவறாமல் இருந்தது. ஒரு நாள் மருத்துவமனைத் தாதியர் பல் பரிசோதனைக்கு வந்திருந்தபோது இவள் திடீரென அழுதாள். அழைத்து உட்காரவைத்துக் கேட்டேன். தகப்பன் லாரி ஓட்டப் போனவர், எப்போதாவது வருவார். அம்மா பால் வெட்டுக்குப் போய்த் திரும்பியதும் சம்சு குடிப்பார். பிறகு சோறாக்குவதும், தம்பியைக் குளிப்பாட்டுவதும், துணி துவைப்பதும் இவள் வேலை. விடியற்காலையில் அம்மா எழவில்லையென்றால், பெரட்டு நடக்குமிடத்துக்கு ஓடிப்போய்க் கங்காணியிடம் "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தம்பியை ஆயாக் கொட்டகைக்குக் கொண்டுபோய் விடுவதும் இவளே. இரவில் ஏன் தூங்குவதில்லை என்று கேட்டதற்கு, "அம்மா மூச்சு விடுறாங்களான்னு பாத்துக்கிட்டு இருப்பேன் சார்" என்றாள். பத்து வயது.

அதற்குமேல் நான் என்ன செய்தேன் என்றால், அடிப்பதை நிறுத்தினேன். அவ்வளவே. தலைமையாசிரியரிடம் சொன்னேன், அவர் வேறொருவரிடம் சொன்னார், செய்தி லயம் முழுவதும் பரவி, அந்தப் பிள்ளை இரண்டு வாரம் பள்ளிப் பக்கமே வரவில்லை. உண்மையைச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்த பலன் அது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டதாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன்.

குடி என்றவுடன் நாம் ஆண்களையே நினைக்கிறோம். அதில் தவறில்லை, குடிப்பவர்களில் ஆண்களே பெரும்பான்மை. நம் முன்னோரும் அதற்காகப் போராடியவர்கள்தாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் நடத்தினர். தோட்டத்துப் பெண்களும் அதில் பங்குகொண்டனர். திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையிலும், குடித்து வரும் மகனைக் கண்டு மனம் பொறாதவளாகத்தான் தாய் வருகிறாள். கண்டிக்கும் இடத்திலும் கண்ணீர் விடும் இடத்திலும் தாயை வைத்தே பழகியதால், குடிப்பவளே தாயாக இருக்கும்போது அதைப் பேச நமக்குச் சொல் வருவதில்லை. ஆகவே மறைக்கிறோம். கணவன் மறைக்கிறார், மாமியார் மறைக்கிறார், பிள்ளை எல்லாரையும்விடத் திறமையாக மறைக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு மறைப்பது இன்னும் எளிதாகிவிட்டது. லயத்தில் பக்கத்து வீட்டுக்கு எல்லாம் கேட்கும். பதினான்காம் மாடியில் கதவைச் சாத்தினால் யாருக்கும் தெரியாது. 2017 டிசம்பரிலிருந்து மது வாங்குவதற்கான வயது 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. மலிவு மதுவைச் சிறு போத்தல்களில் விற்கவும் கட்டுப்பாடு வந்தது. நல்ல சட்டங்களே. ஆயினும் 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஏழை வீட்டுக் கதை மட்டும் இது என்றும் எண்ண வேண்டாம். வசதியான வீடுகளில் போத்தலின் விலைதான் வேறு.

தாயின் குடி பிள்ளையின் படிப்பைத் தொடுவது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணி அருந்தும் மது, இரத்தத்தின் வழியாகச் சிசுவையும் சென்றடைகிறது. வளரும் மூளையை அது பாதிக்கக்கூடும். பிரான்சு நாட்டு மருத்துவர்கள் இதை 1968இல் எழுதினர். 1973இல் அமெரிக்காவின் சியாட்டல் நகர மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயரிட்டு உலகறியச் செய்தனர். இவ்வாறு பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஞாபகத்தில் வைத்துக்கொள்வதும், ஒரே விஷயத்தில் கவனத்தை நிறுத்துவதும் கடினம். எல்லாவற்றிலும் கணிதமே அவர்களுக்குப் பெரிய மலை. நேற்றுத் தெரிந்த வாய்ப்பாடு இன்று மறந்துபோகும். ஆசிரியருக்கு அது பிடிவாதமாகத் தோன்றும். உண்மையில் அது பிடிவாதமன்று. கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே மருத்துவர்களின் அறிவுரை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சூடாக இருக்கட்டும் என்று பிராந்தியும், இரத்தம் ஊறட்டும் என்று கறுப்பு பீரும் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் இருந்து வந்திருக்கிறது. கொடுப்பவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் தாய் குடிப்பது பாலிலும் கலக்கிறது. பழக்கம் அங்கிருந்தே தொடங்கிய பெண்களையும் நான் அறிவேன்.

கருவில் எந்தப் பாதிப்பும் இல்லாத பிள்ளைகளும் படிப்பில் பின்தங்குகிறார்கள். காரணங்கள் மிகச் சாதாரணமானவை. காலையில் எழுப்ப ஆளில்லை. பசியாறாமல் வருகிறார்கள். வீட்டுப்பாடம் செய்ய அமைதியான இடமில்லை. பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் கையெழுத்திட ஆளில்லாததால் சுற்றுலாவுக்கும் போட்டிக்கும் போவதில்லை. இவற்றையெல்லாம்விட மோசமானது, வீடு திரும்பும்போது அம்மா எந்த நிலையில் இருப்பாள் என்று தெரியாத நிலை. ஒரு நாள் கொஞ்சுவாள். மறுநாள் தட்டு பறக்கும். ஒவ்வொரு நாளும் கெட்டதாகவே இருந்தாலும் பிள்ளை பழகிக்கொள்ளும். எது வரும் என்று தெரியாதபோதுதான் அதன் மனம் எந்நேரமும் காவல் காக்கிறது. காவல் காக்கும் மனத்தில் பின்னக் கணக்கு எப்படி ஏறும்?

மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இத்தகைய பிள்ளைகளைக் கண்டுபிடிக்கவும் முடியாது. சிலர் நேர்மாறாக இருப்பார்கள். எல்லாவற்றிலும் முதலாவதாக வந்து, எவருக்கும் தொல்லை தராமல், தம்பி தங்கையின் பையையும் சுமந்து வருவார்கள். வீட்டின் மானம் தன் தேர்ச்சி அறிக்கையில் இருப்பதாக அந்தப் பிள்ளை எண்ணுகிறது. அத்தகைய மாணவியைப் "பொறுப்பான பிள்ளை" என்று பரிசளிப்பு விழாவில் நானே பாராட்டியிருக்கிறேன்.

அப்படியானால் ஆலயம் என்ன செய்ய முடியும்? மாலை போட்டு விரதம் இருக்கச் சொல்வதுதான் நம்மவர்களின் முதல் யோசனை. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து குடியை அடியோடு விட்டவர்கள் உண்டு. முருகப் பெருமானின் அருளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாலையைக் கழற்றிய அன்றே மீண்டும் தொடங்கியவர்களையும் ஆலயத்தில் இருக்கும் நாம் பார்த்திருக்கிறோம். மேலும், பல ஆண்டுகளாக அன்றாடம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே சங்கல்பம் செய்வதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்கலாம். குடியிலிருந்து மீண்டவர்களும் மீள விரும்புபவர்களும் பெயர் வெளியிடாமல் கூடிப் பேசும் சங்கம் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன. பிள்ளைக்கு அடி உதை, பட்டினி என்று தெரிந்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கத் தயங்கக் கூடாது. இந்தப் பெண்களில் பலர் அடிபட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், கணவரோடு சேர்ந்து குடிக்கப் பழகியவர்கள். நாம் ஏசினால் குடியை விடமாட்டார்கள். கோயிலுக்கு வருவதைத்தான் விடுவார்கள்.

அந்தப் பாட்டி வந்து போன பிறகு செயலவையில் இது பற்றிப் பேசினோம். எளிதாக முடிந்த பேச்சன்று. நெடுநாள் நன்கொடையாளர் ஒருவர், "குடிகாரிக்குக் கொடுக்கும் பணம் போத்தலுக்குத்தானே போகும்?" என்றார். நியாயமான கேள்விதான். பணத்தை வீட்டில் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். புத்தகக் கடைக்கும், பள்ளிப் பேருந்துக்காரருக்கும், டியூசன் ஆசிரியருக்கும் நேராகச் செலுத்துகிறோம். அன்னதான மண்டபம் பிற்பகலில் காலியாகவே கிடந்தது. வாரத்தில் ஐந்து நாள், மூன்று மணி முதல் ஆறு மணி வரை அதைத் திறந்து வைக்கிறோம். மேசை, மின்விசிறி, ஒரு தட்டுச் சோறு, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் மாறி மாறி. எந்தப் பிள்ளையும் வரலாம். ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று பிள்ளையைத் துருவுவதும் இல்லை. 1989இல் கற்ற பாடம் அது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். ஆபத்தென்றால் மட்டுமே அடுத்த கதவைத் தட்டுவோம். அதையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டே செய்வோம்.

அந்தப் பையன் தன் தங்கையோடு வருகிறான். கணிதம் இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மட்டும் இரண்டு மாதம் ஆயிற்று. கோயில் வாசலில் அடுக்கியிருந்த செருப்புகளை எண்ணித்தான் கற்றான். பள்ளிக்கு வராத நாள்கள் குறைந்திருப்பதாக ஆசிரியர் சொல்கிறார். தாயார் கிளினிக்குக்குப் போனார், நான்கு மாதம் நன்றாக இருந்தார், மீண்டும் குடித்தார், இப்போது மறுபடியும் போகிறார். ஒரு மாலை பிள்ளைகளை அழைத்துப் போகத் தாமே வந்து, மதில் ஓரமாக உள்ளே வராமல் நின்றார். மண்டபத்தில் பரிமாறும் அம்மா பார்த்துவிட்டு, "ஏன்மா வெயில்ல நிக்கிறே, உள்ள வா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். சாப்பிடும்வரை அவர் தலை நிமிரவில்லை. பையன் மட்டும் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

அடுத்த ஆண்டுக்கான கல்வி நிதி விண்ணப்பப் பாரங்கள் ஆலய அலுவலகத்தில் கிடைக்கும். தாய் தந்தையர் வர இயலாவிடில் பாட்டி, மாமா, அத்தை, வகுப்பாசிரியர் என எவர் வேண்டுமானாலும் உடன் வரலாம். பெற்றோர் கையெழுத்திடும் இடம் காலியாக இருந்தாலும் பாரம் பெற்றுக்கொள்ளப்படும்.