வாளை எடுப்பதற்கு முன்

ஒன்ராறியோவில் என்னோடு பட்டறையில் வேலை செய்த முதியவர்தான் எனக்கு மான் வேட்டை பழக்கியவர். கண்பார்வை மங்கியபோது தன் இரண்டு துவக்குகளையும் முறைப்படி என்னிடம் ஒப்படைத்தார். இரண்டும் .303 தோட்டா போடும் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4. ஒன்று, 1943இல் ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தது. மற்றதன் முன்கட்டையை யாரோ எப்போதோ பாதியில் அரிந்திருந்தார்கள். போருக்குப் பிறகு இராணுவம் கழித்த துவக்குகள் மலிவாகக் கிடைத்த காலத்தில், பாரம் குறைக்க வேட்டைக்காரர் பலர் இப்படிச் செய்தார்கள்.

முழுத் துவக்கு என் கைக்கு நீளம். பின்கட்டையில் ஓரங்குலம் அரிந்து தரும்படி ஒரு துவக்குத் திருத்துநரிடம் கொண்டுபோனேன். அவர் கட்டையின் மேற்புறத்தைத் துணியால் துடைத்து, என் விரலைப் பிடித்து அதில் வைத்தார். மரத்தில் ‘எல்’ என்ற எழுத்து பதிந்திருந்தது. வீரர்களின் கைநீளத்துக்கு ஏற்ப அந்தக் காலத்திலேயே பல அளவுகளில் கட்டை செய்திருக்கிறார்கள். நீளக் கட்டைக்கு எல், குட்டைக்கு எஸ். இரண்டுக்கும் ஓரங்குலம் வித்தியாசம். உள்ளே இருக்கும் நீண்ட திருகாணியைக் கழற்றி, பழைய எஸ் கட்டை ஒன்றை மாட்டித் தந்தார். எல் கட்டையையும் கையில் கொடுத்து, “இதை எறிந்துவிடாதே” என்றார்.

வாளுக்கு வேலையே இருக்கவில்லை. பழைய துவக்கு ஒன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்கு, அன்று தொடங்கி நான் கற்றவை இவை.

அடையாளங்களைப் படியுங்கள். என் துவக்கின் இடப்பக்கத்தில் ‘லோங் பிராஞ்ச் 1943’ என்று இருந்தது. ரொறன்ரோவுக்கு மேற்கே, போர்க்காலத்தில் பெருந்தொகையான பெண்கள் வேலை செய்த அரசாங்க ஆலை அது. அதன் பரிசோதனைக் கட்டடம் இன்றும் மிசிசாகாவில் நிற்கிறது. துவக்கின் உடலிலும் போல்ட் கைப்பிடியிலும் ஒரே தொடர் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மரம் முழுதாக இருந்து, இலக்கங்களும் பொருந்தினால், அதில் எதையும் வெட்டாதீர்கள், துளைக்காதீர்கள்.

சுடுவதற்கு முன் அளந்து பாருங்கள். தோட்டாவின் விளிம்புக்கும் போல்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடினால் கோது கிழிந்து, சூடான வாயு முகத்தில் அடிக்கலாம். 0.074 அங்குல அளவுமானியை வைத்தால் போல்ட் மூடக்கூடாது. அரிந்த துவக்கில் அது இலகுவாக மூடியது; அதன் போல்ட் வேறொரு துவக்கினுடையது. போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை இலக்கமிட்டு வரும். 1ஐக் கழற்றி 2ஐப் போட்டதும் சரியாயிற்று. இந்த வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

குழலுக்கு உப்புத்தான் எதிரி. பழைய இராணுவத் தோட்டாக்களில் பல, சுட்டபின் குழலுக்குள் உப்பை விட்டுச்செல்லும். அது ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்புப் போகாது. முதலில் சுடுநீர், நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய்.

கழற்றக்கூடிய மாற்றத்தையே செய்யுங்கள். நம்பர் 4இன் முன்கட்டை குழலின் நுனியை மெல்ல மேலே தாங்கிப் பிடிக்கிறது. அதை அரிந்தால் அந்தத் தாங்கலும் போய்விடும், குறி மாறும். ஸ்கோப் வேண்டுமென்றால் துளையிடாமல் பொருத்தும் தாங்கிகள் இருக்கின்றன. ஏற்கனவே வெட்டப்பட்ட துவக்கென்றால் தயங்க வேண்டாம். மழைக்கும் பனிக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பாவிக்காததை வைத்திருக்காதீர்கள். நாங்கள் யுத்தத்துக்குள் வளர்ந்தவர்கள். வீட்டில் துவக்கு இருப்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. தோட்டாவைக் கழற்றி, பூட்டுப் போட்டு வைத்திருந்தும் மனைவி ஒருநாள் சொன்னார்: “இஞ்சேருங்கோ, பாவிக்கிறதெண்டா வச்சிருங்கோ. சும்மா பெட்டிக்குள்ள கிடக்கிறதெண்டா ஏன் ரெண்டு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. காட்டுக்கு நான் கொண்டுபோவது அரிந்ததைத்தான். முழுத் துவக்கை, லோங் பிராஞ்ச் துவக்குகளைச் சேர்க்கும் ஒருவருக்கு விற்க முடிவெடுத்தேன். கனடாவில் 2022 மே மாதத்திலிருந்து இத்தகைய துவக்கைக் கைமாற்றுவதற்கு, வாங்குபவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்று பார்த்து, பதிவாளரிடமிருந்து ஒரு குறிப்பு இலக்கம் பெற வேண்டும். அதைப் பெற்ற பிறகே கொடுத்தேன்.

கொடுப்பதற்கு முதல்நாள் இரவு எஸ் கட்டையைக் கழற்றி அரிந்த துவக்கில் மாட்டினேன். அலுமாரியில் சுற்றி வைத்திருந்த எல் கட்டை தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. வாங்க வந்தவர் இலக்கங்களைப் பார்த்தார். பிறகு கட்டையின் மேல் விரலை வைத்து அந்த எழுத்தைத் தேடினார். அது அங்கேயே இருந்தது.